அலமாரியில் இருந்த இரண்டரை லட்சம்

ஜனவரி 9

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். முழங்கால் வழக்கம்போல முணுமுணுக்கிறது, காது வழக்கம்போல எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பாப்பாவின் பிரசவத்துக்குக் கிளம்பினாயே, பயணம் சௌகரியமாக இருந்ததா, அவள் கால் வீக்கம் வடிந்ததா, நீ பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று விவரமாக எழுது. போனில் சொல்ல வேண்டாம். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மோட்டார் அறைகளில் கிடந்த காது இது. முந்தாநாள் மாப்பிள்ளை போனில் ஏதோ கேட்டார், நானும் "ஆமா, ஆமா" என்று சொல்லி வைத்தேன். எதற்கு ஆமாம் போட்டேன் என்று அவரிடம் நைசாக விசாரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூலைக்கடைக்காரர் நம்மை ஏமாற்றுகிறார். நீ பதினாறு கவர் போட்டு, வாரம் ஒன்று, வாரம் இரண்டு என்று எழுதி, ஒவ்வொன்றிலும் ஆயிரத்து ஐந்நூறு வைத்துவிட்டு, "மிச்சம் வந்தா நீங்களே வச்சுக்கோங்க" என்று சிரித்துவிட்டுப் போனாயே, முதல் கவர் நாலாம் நாளே காலி. குளியல் சோப்பு கேட்டேன். "நாப்பத்தெட்டு" என்றார். "டஜனா?" என்று கேட்டேன். "ஒண்ணுதாங்க" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயா கடைசியா எப்ப சோப்பு வாங்கினீங்க?" என்று ஒரு கேள்வி வேறு.

யோசித்துப் பார்த்தால், கல்யாணத்துக்கு முன்னால். சட்டை கம்பெனி கொடுத்தது, டீ கேன்டீன் கொடுத்தது, முடி வெட்ட ஒர்க்‌ஷாப்புக்கே ஆள் வந்தது. சம்பளக் கவரைப் பிரிக்காமல் உன் கையில் வைத்துவிட்டு நான் பாட்டுக்கு இருந்தேன். அதற்காக நாற்பத்தெட்டா? நீ வந்ததும் அவரிடம் போய் நாலு வார்த்தை கேள்.

இன்னொன்று. மார்ச் பதினாலாம் தேதி டெபாசிட் முதிர்கிறது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டார்" என்று நீ சொல்வது இங்கேயே கேட்கிறது. சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? என் இடது கையில் இரண்டு விரலை லிஃப்ட் சக்கரம் தின்றதற்குக் கம்பெனி கொடுத்த அறுபதாயிரம் பதினைந்து வருஷத்தில் இரண்டரை லட்சமாகி நிற்கிறது. அன்றைக்கு நம் வீட்டுக்குப் பின் தெருவில் இரண்டு அறை வீடு இரண்டு லட்சம் சொன்னார்கள். வீட்டை வாங்கி, மிச்சத்தில் கதவு ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கலாம் என்று அன்றே உன்னிடம் சொன்னேன், சொன்னபடி செய்யப்போகிறேன்.

ரசீது அலமாரி லாக்கரில் இருக்கிறது. சாவி உன் இடுப்போடு ஊருக்குப் போய்விட்டது. தபாலில் அனுப்பி வை.

பாப்பாவுக்கு என் ஆசி.
பாப்பாவின் அப்பா


ஜனவரி 17

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். வீக்கம் வடிந்துவிட்டது. டாக்டர் இந்த மாதக் கடைசி என்கிறார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு போன வாரம் வரை எக்ஸ்ரே அறைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் உங்கள் மகள். அந்த அறைப் பக்கமே போகவில்லை, வெளியே மேஜையில் பெயர்தான் பதிந்தேன் என்கிறாள். என் மாத்திரையை நான் போடுகிறேன், நீங்கள் முழங்காலுக்குத் தைலம் போடுகிறீர்களா?

மாப்பிள்ளை கேட்டது, "குழந்தைக்கு நான் பேர் வச்சுக்கட்டுமா?" என்று. நீங்கள் இரண்டு தடவை ஆமாம் என்றீர்களாம். மனுஷன் தரையில் கால் பாவாமல் திரிகிறார்.

மூலைக்கடைக்காரர் பாவம், அவரைத் திட்டாதீர்கள். சோப்பு நாற்பத்தெட்டுதான். போன வருஷம் நாற்பத்திரண்டு. விலை ஏறாத வருஷத்தில் சோப்பு மெலியும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள். நான் வாங்கி வந்ததும் இரண்டாக வெட்டி ஒரு பாதியை வெயிலில் காய வைப்பேன், காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. காய்கறிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். காலையில் போனால் கவர் நாலு நாளில் காலியாகாமல் என்ன செய்யும்?

சாவியைத் தபாலில் அனுப்பக் கூடாது. தொலைந்தால் யார் பொறுப்பு? நான் வரும்போது கொண்டுவருகிறேன். பதினைந்து வருஷம் பொறுத்தவருக்கு ஒன்றரை மாசம் பெரிதா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பாப்பாவின் அம்மா


ஜனவரி 17, பகல்
(இது தபாலில் சேர்க்கப்படவில்லை)

என்னங்க,

காலையில் எழுதிய கடிதத்தை ஒட்டி மேஜைமேல் வைத்துவிட்டேன். இதை அதற்குப் பதிலாக அனுப்ப வேண்டும். அனுப்புவேனா என்று தெரியவில்லை.

லாக்கரில் ரசீது இல்லை. டெபாசிட்டும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் அதை உடைத்துவிட்டேன்.

பாப்பாவுக்கு எக்ஸ்ரே படிப்பில் இடம் கிடைத்த வாரம். நல்ல மார்க்குக்குக் காலேஜே இலவசமாகப் படிக்க வைக்கிறது என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய். வருஷத்துக்கு முப்பத்து நாலாயிரம், இரண்டு வருஷம். வெள்ளிக்கிழமைக்குள் முதல் வருஷத்தைக் கட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். என் தங்கையிடம் கேட்டேன், உங்கள் அண்ணியிடம் கேட்டேன், இரண்டு பேரும் காபி கொடுத்து அனுப்பினார்கள். உங்களிடம் கேட்கப் பயந்தேன். டெபாசிட் போட்ட அன்று நீங்கள் சொன்னீர்கள், "இதைத் தொட்டா என் கையைத் தொட்ட மாதிரி." அந்த வார்த்தை எனக்குள் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

இருவரில் ஒருவர் கையெழுத்து போதும் என்று நீங்களே பெருமையாக என் பெயரையும் சேர்த்திருந்தீர்கள். பேங்கில் கேட்டார்கள், "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். அபராதம் போக எண்பத்தோராயிரம் கொடுத்தார்கள். அதை டிபன் பாக்ஸில் அடுக்கி, மேலே நாலு துண்டு ரொட்டி வைத்து மூடி, நேரே காலேஜுக்கு நடந்தேன். பாப்பாவிடம் சித்தி கொடுத்தாள் என்றேன், அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசாதே என்றேன். நீங்கள் அன்று ஒர்க்‌ஷாப் முழுக்க மிட்டாய் கொடுத்தீர்கள், "என் பொண்ணு மார்க்குக்கு இலவச சீட்" என்று.

வருஷா வருஷம் மார்ச் பதினாலாம் தேதி நீங்கள் கேட்பீர்கள், "பத்திரமா இருக்கா?" நான் சொல்வேன், "பத்திரமா இருக்கு." அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைவலி என்று படுத்துவிடுவேன். அது பிரஷர் இல்லை.


பிப்ரவரி 3

பாப்பாவின் அம்மாவுக்கு,

பேத்தி பிறந்த செய்தியை மாப்பிள்ளை தந்தியைப் போல நாலே வார்த்தையில் அனுப்பியிருந்தார். படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். பாப்பாவுக்கே ஒரு பாப்பா! தாயும் சேயும் எப்படி இருக்கிறார்கள், எடை எவ்வளவு, யார் சாயல்? காது என் காதாக இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டு.

நான் சுகம், மூன்று கிலோ இளைத்திருக்கிறேன். நாலு வாரத்தில் ஏழு கவர் தீர்ந்தது. என்னைத் திட்டாதே, நான் பேப்பரில் எழுதியே செலவழிக்கிறேன். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் விலையைக் குறித்து வைக்கிறேன். வெங்காயம் திங்களன்று முப்பத்தைந்து, வெள்ளியன்று நாற்பது. நாலு நாளில் வெங்காயத்துக்கு என்ன பதவி உயர்வு கிடைத்தது என்று கேட்டேன். கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுகிறார். முடி வெட்ட நூற்றைம்பது. தலையில் எண்ணினால் நூற்றைம்பது முடி தேறாது, முடிக்கு ஒன்று வீதம் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். நான் ஓய்வு பெறும்போது வாங்கிய இருபத்து நாலாயிரத்தில் வாடகை போக, மருந்து போக, இந்த விலையில் மாசத்தை எப்படி ஓட்டினாய்? எனக்கு ஒரு நாளும் சோப்பு இல்லாமல் போனதில்லை.

டெபாசிட் நினைப்பில்தான் தெம்பாக இருக்கிறேன். அதற்குள் விலைவாசி நுழைய முடியாது, பூட்டிக் கிடக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை முதல் வீடு பார்க்கப் போகிறேன், ஒரு தரகரைப் பிடித்திருக்கிறேன். சாவியை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு, தொலையாது.

பேத்தியின் காதில் தாத்தா விசாரித்தார் என்று சொல்.
பாப்பாவின் அப்பா


பிப்ரவரி 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

சின்னது இரண்டே முக்கால் கிலோ. காது என் காது, பயப்படாதீர்கள். கோபம் உங்கள் கோபம், பால் ஒரு நிமிஷம் தாமதித்தால் முஷ்டியை ஆட்டுகிறது. பாப்பா நன்றாகத் தேறிவிட்டாள். எனக்கு முதுகுவலி மட்டும்தான். மூன்று கிலோ இளைத்தீர்கள் என்று படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. முட்டை வாங்கி அவித்துச் சாப்பிடுங்கள், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

எப்படி ஓட்டினேன் என்று கேட்டீர்களே. முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறீர்கள். உங்களுக்குச் சம்பளம் வருஷத்துக்கு ஒரு தடவை ஏறும், சாமான் வாராவாரம் ஏறும். நடுவில் இருக்கிற பள்ளத்தை நான் தாண்டுவேன். மாடி வீட்டுக்காரிக்கு ஜாக்கெட் தைத்தது, என் செருப்பை மூன்று வருஷம் போட்டது, உங்களுக்கு இரண்டு முட்டை என்றால் எனக்குப் பிடிக்காது என்றது, எல்லாம் அதில்தான் வரும். முட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்கே தினமும் சாப்பிடுகிறேன்.

சாவியைத் தேடினேன், பையில் காணவில்லை. துணிக்குள் எங்கேயோ விழுந்திருக்கும். அவசரப்பட வேண்டாம். வீடு பார்க்கவும் அவசரம் வேண்டாம், நான் வந்து இரண்டு பேருமாகப் பார்க்கலாம்.

பேத்தி தாத்தாவுக்கு ஒரு கொட்டாவி அனுப்புகிறாள்.
பாப்பாவின் அம்மா


மார்ச் 2

பாப்பாவின் அம்மாவுக்கு,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு லேசாகச் சளி.

நாலு வீடு பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை. ஒன்றில் வெளிச்சம் இல்லை. ஒன்றில் தண்ணீர் உப்பு. ஒன்று தெருவை விட்டுத் தள்ளி இருக்கிறது. நாலாவதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

முட்டை விஷயம் படித்தேன். இப்போது தினமும் இரண்டு அவிக்கிறேன். ஒன்று அப்படியே தட்டில் இருந்துவிடுகிறது.

சாவிக்காக நீ மெனக்கெட வேண்டாம். பதினாலாம் தேதி நானே பேங்குக்குப் போய், ரசீது இல்லாமல் ஏதாவது வழி உண்டா என்று கேட்டுக்கொள்கிறேன்.

பாப்பாவின் அப்பா


மார்ச் 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

சளி எப்படி இருக்கிறது? சுடு தண்ணீர் குடியுங்கள்.

பேங்குக்குப் போக வேண்டாம். கை கூப்பிக் கேட்கிறேன். ஏப்ரல் கடைசியில் நான் வந்துவிடுவேன், வந்த மறுநாளே இரண்டு பேரும் போகலாம். ரசீது இல்லாமல் போனால் வெயிலில் நிற்க வைப்பார்கள், சளி நெஞ்சில் இறங்கிவிடும். இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா


மார்ச் 29

பாப்பாவின் அப்பாவுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் அடித்தால் எடுக்கிறீர்கள், "நல்லா இருக்கேன், கேக்கலை" என்று வைத்துவிடுகிறீர்கள். மாடி வீட்டுக்காரியிடம் கேட்டேன். நீங்கள் தினமும் காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ போய்வருகிறீர்கள் என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதில் ஒரு நிம்மதி. வேறு எதிலும் நிம்மதி இல்லை.

சின்னது முகம் பார்த்துச் சிரிக்கிறது. என்னை அடையாளம் தெரிகிறது. நேற்று நான் பாலைச் சர்க்கரை டப்பாவில் ஊற்றிவிட்டேன். பாப்பா, "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். தூக்கம் போதவில்லை என்றேன்.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.
பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 12

என்னங்க,

நலம் விசாரிக்கும் தைரியம் இல்லை.

இந்தக் கவரில் ஜனவரியில் எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். நீங்கள் பேங்குக்குப் போனீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தாலும் போகாவிட்டாலும் நான் சொல்லாமல் நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று இன்றைக்குத்தான் புத்தி வந்தது. அந்த எண்பத்தோராயிரத்தில் இரண்டாயிரம் மிஞ்சியது. உங்களுக்கு அந்த வருஷம் ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தேனே, அதுதான். மற்றதெல்லாம் பாப்பாவின் ஃபீஸ், யூனிஃபார்ம், புத்தகம், பரீட்சைக் கட்டணம்.

வீடு வாங்குவேன் என்று பதினைந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷரின் வாயில் நான் மண் அள்ளிப் போட்டுவிட்டேன். நான் வீட்டுக்கு வரலாமா, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டுமா என்று மட்டும் எழுதுங்கள்.


ஏப்ரல் 14

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம். சளி போய்விட்டது, எடை ஒரு கிலோ திரும்ப வந்திருக்கிறது. எல்லாரும் நலமா? உன் முதுகு எப்படி இருக்கிறது?

ஒரு மாசம் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். மார்ச் பதினாலாம் தேதி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேங்குக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, "இது முடிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சுங்களே" என்றார். என் காதுதான் தப்பாகக் கேட்கிறது என்று நினைத்தேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். உன் கையெழுத்து. கடைசி எழுத்தை மேலே சுழித்துவிடுவாயே, அதே சுழி.

வீட்டுக்கு வந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்றேன். எனக்கு அந்தப் பூட்டு இரண்டு நிமிஷ வேலை, நீ சாவியைக் கொண்டுபோனது அந்தப் பூட்டுக்கே சிரிப்பாக இருக்கும். ஆனால் திறந்து பார்க்க என்ன இருக்கிறது? ஸ்பேனரைத் திரும்ப வைத்துவிட்டேன். பத்து நாள் கொதித்தேன். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் நீ வர வேண்டாம் என்றே எழுதியிருந்தேன். அது எழுதிய அன்று சாயங்காலமே கிழிந்தது.

பிறகு, அந்தப் பணம் எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். பதினோரு வருஷத்துக்கு முன், ஜூன் மாசம். நம் வீட்டில் அன்று நடந்தது ஒன்றே ஒன்றுதான். பஸ் பிடித்துப் பாப்பாவின் காலேஜுக்குப் போனேன். ஃபீஸ் கவுன்டரில், "நல்ல மார்க்குக்கு இலவச சீட் உண்டா?" என்று கேட்டேன். அங்கிருந்தவர் சிரித்துவிட்டார். "சார், இங்க வண்டி நிறுத்தவே டோக்கன்" என்றார். அப்போதும் இல்லையா என்றேன். எப்போதும் இல்லையாம். பழைய ஃபீஸ் விவரம் வேண்டும் என்று நாலு நாள் நடந்தேன். தொல்லை தாங்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். அன்று வருஷத்துக்கு முப்பத்து நாலாயிரம். இன்று அதே படிப்பு, அதே அறை, இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். நீ தொடாமல் விட்டிருந்தால் இன்று என் கையில் இரண்டரை லட்சம். அதைக் கொண்டுபோய் அந்தக் கவுன்டரில் நீட்டினால் ஒரு வருஷ ஃபீஸுக்கே முப்பதாயிரம் குறையும். நீ எடுத்தபோது வெறும் எண்பத்தோராயிரம்தான், அது முழுப் படிப்பையும் முடித்து, யூனிஃபார்மும் தைத்திருக்கிறது. கணக்கு தப்பு என்று மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதேதான் வந்தது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள்.

ஏன் சிரித்தேன் தெரியுமா? இப்போது என் திருட்டைச் சொல்கிறேன். மார்ச் மாசக் கடிதத்தில் வெளிச்சம் இல்லை, உப்புத் தண்ணீர் என்று எழுதினேனே, எல்லாம் புளுகு. பின் தெரு வீட்டைத்தான் முதலில் பார்த்தேன். நல்ல வெளிச்சம், நல்ல தண்ணீர். பதினெட்டு லட்சம் என்றார்கள். தரகர் என் பட்ஜெட்டைக் கேட்டார். சொன்னேன். அவர் மரியாதைக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, ரெண்டரைக்குக் குளியலறை வாங்கலாம். கதவு தனியா பாத்துக்கணும்" என்றார். சோப்பில் ஏறிய விலை வீட்டில் ஏறாதா என்ற சின்ன விஷயம் இந்த மண்டைக்குப் பதினைந்து வருஷமாக எட்டவில்லை. பூட்டி வைத்தால் பணம் அப்படியே இருக்கும் என்று நினைத்தேன். தாள் இருக்கும், எண் ஏறும், அதற்குள்ளே இருக்கிறதை எலி மாதிரி விலைவாசி தின்றுகொண்டே இருந்திருக்கிறது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன் என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரலைக் கொடுத்து ஒரு குளியலறை கூட வாங்கத் தெரியாதவன் என்று நீ நினைக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் நான் நினைத்தேன்.

பேங்கில் அந்த அம்மாள் திரையைத் திருப்பிய நிமிஷம் கோபத்துக்கு அடியில் எனக்கு வேறொன்றும் இருந்தது. அது என்னவென்று பெஞ்சில்தான் புரிந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்தப் பணம் வீணாகப் போகவில்லை, பணமாக இருந்தபோதே செலவாகியிருக்கிறது.

மனசில் ஒன்று மட்டும் தைக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். வருஷா வருஷம் "பத்திரமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு நான் நிம்மதியாகப் போய்விடுவேன். நீ?

பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 19

பாப்பாவின் அம்மாவுக்கு,

நேற்று உன் கவர் வந்தது. என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது கிடைக்கும் முன்பே நீயாகச் சொல்லிவிட்டாய். எனக்கு அது போதும், அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

டிபன் பாக்ஸ் சங்கதியைப் படித்தேன். அந்த வெள்ளிக்கிழமை நீ என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். பெரிய மனசோடு "எடுத்துக்கோ" என்று சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். கையை நீட்டிக் காட்டியிருப்பேன். நீ அழுதிருப்பாய், பாப்பா அந்த இடத்தை அடுத்த பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஏதாவது கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பாள், நான் அலமாரியைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பேன். நீ என்னிடம் கேட்காதது என்னைத் தெரிந்து வைத்திருந்ததால்தான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பாப்பாவுக்குச் சித்தி கொடுத்த பணமாகவே இருக்கட்டும். உன் தங்கைக்கு ஓசியில் ஒரு நல்ல பெயர்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். இது என்ன கேள்வி? வாடகை வீடுதான், இனிமேலும் வாடகை வீடுதான், பெயின்ட் மட்டும் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த ரயில், எத்தனை மணி என்று எழுது. இந்த மாசம் கடைக்குப் போகிற வேலை என்னுடையது, நீ வந்த பிறகும் என்னுடையதுதான். முட்டை ஒன்று ஏழு ரூபாய். உனக்கும் சேர்த்து டஜனாக வாங்குகிறேன்.

பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 25

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முதல் கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது, இரண்டாவது நேற்று முற்பகல். முதலாவதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வீட்டுக் குளியலறை, நீங்கள் சொன்ன கணக்கில், இரண்டரை லட்சம் பெறும். நல்ல இடத்தில்தான் அழுதிருக்கிறேன்.

மே இரண்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். மாப்பிள்ளை ஏற்றிவிடுவார். பாப்பாவும் சின்னதும் அடுத்த மாசம் வருவார்கள். பாப்பா வேலைக்குத் திரும்பும் தேதி போட்டாயிற்று.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். "நீ?" என்று ஒரே ஒரு எழுத்தில் கேட்டிருந்தீர்கள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டு, மதியம் சாப்பாடானதும் சின்னதின் பக்கத்தில் சும்மா தலையைச் சாய்த்தேன். சின்னது இரண்டு தடவை பசித்து அழுததாம். தெருவில் யாரோ ரோடு தோண்டினார்களாம். மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து மணி அடித்தாராம். பாப்பா பயந்துபோய் என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாளாம். அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் கண்ணை விழித்தபோது மணி ஏழரை. "என்னம்மா, இப்படித் தூங்குற!" என்று பாப்பா கேட்டாள். பதினோரு வருஷத் தூக்கம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பிரயாணத்துக்கு முன்னால் கொஞ்சம் தூங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

பாப்பாவின் அம்மா